கட்டிலுக்கு அடியில் தள்ளின சட்டி

அக்டோபர் 21, திங்கள்

இளவரசி பிள்ளை பெற்று இங்கே வந்து பதினோரு நாள். செல்போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பக்கத்திலேயே குழந்தை. பிடுங்கிப் போட்டேன். "படுக்கையில நெருப்ப வச்சிக்கினு தூங்குறியாடி?"

"அம்மா ஆரம்பிச்சிடுச்சிண்ணா" என்று ஆனந்தராஜைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் கெண்டைக்காலில் சுருங்கிக் கிடக்கும் தோலைத் தினம் பார்க்கிறவள் நான்.

அக்டோபர் 24, வியாழன்

ஆனந்தராஜ் கமலாட்சி வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தானாம். என் நாத்தனார். கல்யாணத்துக்கு முன் இங்கேதான் எங்களோடு பட்டுத் தறி நெய்துகொண்டு இருந்தாள். எட்டு மாசப் பிள்ளையாயிருந்த அவனைக் குளிப்பாட்டிப் புகை காட்டினவள், கங்கோடு சாம்பிராணிச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். தொங்கின போர்வை பற்றிக்கொண்டது. முப்பத்தாறு வருஷம். கேட்டதற்கு என்ன சொன்னாள்? "தறிக்குழியில தண்ணி பூந்துடுச்சி அண்ணி, ஓடுனேன்."

தண்ணீராம்! சட்டியை வாசலில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றோடு பேச்சு அறுந்தது.

"அத்தை வேணும்னா பண்ணுச்சி?" என்கிறான், வெந்தவன். எனக்கு வேகவில்லையா?

நவம்பர் 2, சனி

கொசு மருந்து மிஷினைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் செருகியிருந்தார்கள். பிடுங்கினேன். நர்ஸ் வந்து, பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது என்றாள். இளவரசியும் "வேணாம்மா" என்று இழுத்தாள்.

"சளி புடிச்சா அந்த நர்சம்மா வந்து தூக்கிக்கினு நிப்பாளா?"

என் கையில் நெருப்பு தவறினதே இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை.

நவம்பர் 13, புதன்

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் குளிப்பாட்டி, புகை காட்டி, இளவரசி பக்கத்தில் படுக்க வைத்தேன். கூடத்திலிருந்து ஆனந்தராஜ் கத்தினான். "அம்மா, குழியில தண்ணி! பாவைத் தூக்கணும், வா!" முகூர்த்தப் புடவைக்குப் புதிதாகத் தறியில் பூட்டின பட்டு நூல் பாவு. ஓடினேன். இரண்டு பேரும் தூக்கிக் கட்டும்போது இளவரசியின் அலறல். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மெத்தையின் கால்மாடு எரிந்துகொண்டிருந்தது. குழித் தண்ணீரையே மொண்டு ஊற்றி அணைத்தான்.

கட்டிலுக்கு அடியில் சட்டி. தள்ளினது எந்தக் கை —

அவள் செல்போன் அலமாரி மேல் இருந்தது. நான் சொன்னபடியே.

நவம்பர் 14, வியாழன்

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தேவலை.

நவம்பர் 17, ஞாயிறு

கமலாட்சி வந்தாள். ஆனந்தராஜ்தான் சொல்லியிருப்பான். கருகின கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி அண்ணி?"

"தறிக்குழியில தண்ணி பூந்துடுச்சி" என்றேன்.

முப்பத்தாறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அப்போதுதான் குளிப்பாட்டின பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, ஈரத்தலையைத் துண்டால் துவட்டினாள். துவட்டிக்கொண்டே இருந்தாள். காப்பிக்கு அவளுக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை. போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனாள். அதையும் நான் மறக்கமாட்டேன்.