ஐந்தரைக்குப் பிறகு

பல்லடம்,
15.2.2026, ஞாயிறு.

அன்புள்ள அனுசுயா அப்பாவுக்கு,

செல்லத்தாய் எழுதுவது. நீங்களும் பிள்ளையும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் பழைய நம்பருக்குப் போன் போகவில்லை. புது நம்பரை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகத் உங்கள் தம்பி ஜெயபாண்டி சொன்னார். நான் அவரை வற்புறுத்தவில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எனக்குப் பனியன் கம்பெனி வேலை போய்விட்டது. அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது என்று சொல்லி, ஐப்பசியில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு பேரை ஒரே நாளில் நிறுத்தினார்கள். வாடகை கட்ட முடியாமல் திருப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். இப்போது பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அடுக்கும் வேலை. பண்ணைக்கார அம்மா பெரியாத்தாள் தங்குவதற்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷி. முதல் நாள் என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, ஊட்ல ஆருமில்லியா” என்று கேட்டார். வெளியூரில் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய அந்த ஆவணி மாதத்துச் சாயங்காலத்தை நாம் பேசி முடிக்கவே இல்லை. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கு வரிசையாக வரும்.

அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் சாயப்பட்டறையில் பாதி வேலையை விட்டுவிட்டு ஓடினீர்கள். என் போன் கம்பெனிப் பெட்டியில் கிடந்தது. செக்கிங் ஹாலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆறரை மணிக்குப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். வாட்ச்மேன் லிங்கசாமி, எல்லோரும் ஐந்தரைக்கே போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தது எட்டரைக்கு.

எங்கே போயிருந்தாய் என்று கேட்டீர்கள். பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்று வரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். “ஓசியில வேலை வாங்குனானுகன்னா சொல்லு, கேட்டுல வந்து நிக்கிறேன்” என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். நீங்கள் வந்து சத்தம் போட்டால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அந்தப் பயம்தான். நீங்கள் கம்பெனிக்கு வந்துபோனதைச் சொன்ன பிறகு நான் உண்மையைச் சொன்னேன். பொய்க்குப் பின்னால் வந்ததால் அதுவும் பொய் மாதிரியே ஆகிவிட்டது.

உண்மை இதுதான். ஐந்தரை மணிக்குச் சூப்பர்வைசர் தங்கதுரை எங்களை விரல் ரேகை வைக்கும் வருகை மெஷின் முன்னால் வரிசையாக நிறுத்துவார். “மெஷின்ல கைய வெச்சுட்டுத் திரும்பி வந்துருங்க, ஆல்டர் பீஸ் கெடக்குது” என்பார். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வந்தால் ஓவர்டைம் கணக்கில் இருக்கக் கூடாதாம். அதனால் மெஷினுக்கு நாங்கள் ஐந்தரைக்கே போய்விட்டவர்கள். குறையுள்ள பீஸைத் திருத்துவது எங்கள் தப்புக்கு நாங்கள் செய்கிற பரிகாரம், அதற்குச் சம்பளம் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். யாராவது கேட்டால் யாருமே இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது வாட்ச்மேனுக்கு உத்தரவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாலு வருஷம் இப்படித்தான்; அந்த நாட்களிலும் உங்களிடம் பஸ் மேலேயே பழி போட்டு வந்தேன். நீங்கள் அடுத்த வாரம் ஆபீசுக்குப் போய்த் தன்மையாகக் கேட்டபோது, மூன்று மாத வருகைத் தாளை எடுத்துக் காட்டினார்களே, எல்லா நாளும் ஐந்தரை என்று இருந்ததே, அது அந்த மெஷின் அச்சடித்த தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் போட்ட சோற்றைச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதம் அப்படியே இருந்துவிட்டு, முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் அடித்திருந்தால்கூட நான் பதில் பேசியிருப்பேன்.

வேலை போன பிறகு என்னோடு வேலை பார்த்த மயிலாள் அக்காதான் சங்க ஆபீசுக்குக் கூட்டிப்போனார். வேலையை விட்டு நின்ற பிறகும், கூலி தராமல் வாங்கிய வேலைக்குக் கூலி கேட்க உரிமை உண்டாம். அங்கே இந்துமதி என்ற பெண் எங்களிடம் கேட்டு எழுதி, தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். மற்றவர்கள் கூலிக்காகப் போட்டார்கள். எனக்கும் கூலி வேண்டியதுதான். ஆனால் ஐந்தரைக்குப் பிறகு நான் எங்கே இருந்தேன் என்று அரசாங்க முத்திரை வைத்த ஒரு தாள் கையில் கிடைத்தால், அதை உங்களுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். இதை இந்துமதியிடம்கூட நான் சொல்லவில்லை.

மார்கழியில் ஒருநாள் லிங்கசாமி பண்ணைக்கே என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அன்னிக்கு உங்க ஊட்டுக்காரர்கிட்டப் பொய் சொன்னது நாந்தானுங்க. கொழந்த தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்துச்சு. நீங்க உள்ளாற இருக்கறது எனக்குத் தெரியுமுங்க” என்றார். இதை அலுவலகத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். “இந்த வயசுல என்னைய வேற ஆரு வேலைக்கு வெப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாரணைக்கு அவர் வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் அதே பயத்தில்தானே உங்களிடம் பொய் சொன்னேன்.

விசாரணை மூன்று தடவை நடந்தது. கம்பெனி ஆட்கள் எங்களில் ஒவ்வொருவரையும் வீட்டில் வந்து பார்த்தார்கள். ஒரு தொகை தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மூன்றாம் தடவை மயிலாள் அக்காவும் நானும்தான் இருந்தோம். அவர் பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு, “என்னைய மன்னிச்சுரு கண்ணு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை.

பிறகு தாளை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போடுமுன் நிதானமாகப் படித்துப் பாரம்மா என்று அதிகாரி சொன்னார். படித்தேன். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு வேலை முடித்து வெளியே போய்விட்டேன், அதற்குப் பிறகு கம்பெனிக்குள் நான் இருந்ததே இல்லை என்று அதில் நானே சொல்கிற மாதிரி எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், பணம்கூடப் பாதி போதும் என்று சொன்னேன். கம்பெனி மேனேஜர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “அந்த ஒரு வரிக்குத்தானுங்க பணமே தர்றோம்” என்றார்.

காலி செய்த திருப்பூர் வீட்டின் வாடகை பாக்கியை நான் அப்போதும் அடைக்கவில்லை. பேனா கையில்தான் இருந்தது. கையெழுத்துப் போடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று இந்துமதியும் மெதுவாகச் சொன்னார். என்னால் முடியவில்லை. யாரோ என்னைப் பற்றிச் சொன்னால் அது அவர்கள் பேச்சு. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அப்புறம் உங்களிடம் நான் என்ன சொல்வது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சமரசம் ஆகவில்லை என்று எழுதிவிட்டார்கள். இனிமேல் வழக்காக நடக்குமாம். சாட்சிக்கு ஆள் இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று இந்துமதி மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆகவே முத்திரை வைத்த தாள் இப்போதைக்கு இல்லை. என் வார்த்தை மட்டும்தான். அதைத்தான் இதில் எழுதி அனுப்புகிறேன்.

முந்தாநாள் ஜெயபாண்டி பண்ணை நம்பருக்குக் கூப்பிட்டிருந்தார். அனுசுயா பெரிய மனுஷி ஆகி மூன்று வாரம் ஆகிவிட்டதாமே. பங்குனியில் சடங்கு வைத்திருக்கிறீர்களாம். கேட்டுவிட்டு முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். பெரியாத்தாள் அம்மா என்ன என்று கேட்டார். என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள் என்றேன். சர்க்கரை எடுத்து வந்து என் வாயில் போட்டார்.

முதல் சில மாதம் அவளுக்கு வயிறு வலிக்கும். அத்தையிடம் சொல்ல வெட்கப்படுவாள். மோரில் ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பையில் ஒரு மாற்று உடுப்பு எப்போதும் இருக்கட்டும். தலைமுடியை வெட்டிவிட வேண்டாம். அவளுக்கு அரக்குச் சிவப்பு நன்றாக இருக்கும்.

சடங்குக்கு என்னைக் கூப்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. நான் வந்து நின்றால் சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்கள், பிள்ளைக்குச் சங்கடம். ஆனால் மணையில் உட்காரும்போது அம்மா எங்கே என்று அவள் கட்டாயம் கேட்பாள். அம்மா வேலையில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
செல்லத்தாய்