உள்பக்கம் திறந்த கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை வந்துபோகிறாள். தொடையில் தோல் எடுத்த இடம் ஆறிவிட்டது, பாதத்தில் ஒட்டிய தோல்தான் இன்னும் சிவந்து பளபளவென்று இருக்கிறது. இரண்டு விரல்கள் போன இடத்தில் செருப்பு நிற்கவில்லை, பழைய காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். குக்கர் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது, அதனால் அதைப் பரணில் ஏற்றிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் நான்தான் சமைக்கிறேன். என் சமையலைப் பற்றி அவள் சொல்வதை எழுதினால் தாள் போதாது.

கண்ணு, போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் இதை எழுதுகிறேன். நீ சரியாகத் தூங்குவதில்லை என்றும், நீ வாங்கி அனுப்பியதுதான் அம்மாவின் காலைத் தின்றது என்று சொல்லிச் சொல்லி அழுகிறாய் என்றும் மாப்பிள்ளை சொன்னார். அதை விற்ற கடையின் மேல் நீ புகார் எழுதியிருப்பதாகவும் சொன்னார். நீ அனுப்பிய நீராவி இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சை அமுக்கியும் அது நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் உன்னிடம் சொன்னேனே, அது பொய். அமுக்கிய உடனே நின்றது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நீராவியில் உட்கார்ந்து எழுந்த அன்று அம்மா மூட்டுவலியில் விறைத்திருந்த தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துச் சிரித்தாள், நினைவிருக்கிறதா. அதைப் பார்த்துத்தான் நீ இயந்திரத்தை அனுப்பினாய். எனக்கும் கை பரபரத்தது. முப்பத்தொரு வருஷம் பாய்லர் பக்கத்திலேயே நின்றவன், வீட்டில் ஒரு நீராவி அறை கட்ட மாட்டேனா என்ற எண்ணம். பின்பக்கக் குளியலறையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கால் எங்கே வருகிறது என்று அளந்தேன். சுவர் டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் இறங்காத பூச்சு இரண்டு தரம் பூசவைத்தேன். கூரையில் சேரும் தண்ணீர் தலையில் சொட்டாமல் சுவரோடு வழியும்படி சரிவு வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கடைசியாகக் கண்ணாடிக் கதவு. அது வெளிப்பக்கம் திறந்தால் கைகழுவும் தொட்டியில் இடித்தது, தொட்டியை நகர்த்த வேண்டுமானால் புதிதாகப் பதித்த டைல்ஸை உடைக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிறமாதிரி வைத்துவிடுங்கள் என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள யாராவது மயங்கி விழுந்துட்டா கதவத் தள்ள முடியாது சார், வேணாம்" என்றார். நீராவியைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறீர்களா என்று கேட்டேன். அவர் நான் சொன்னபடியே மாட்டிவிட்டுப் போனார்.

பதினோரு நாள் ஒரு குறையும் இல்லை. அவள் உள்ளே இருக்கும் கால் மணி நேரமும் நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டாம் நாள் காலை அவள் உள்ளே இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து, தன் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டலாமா என்று கேட்டார். எனக்கு அது போதாதா. கூரைச் சரிவைத் தாளில் வரைந்து காட்டிக்கொண்டே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ உறுத்தி உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது, அடியில் மட்டும் அவள் முதுகு ஒட்டிக்கொண்டு தெரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. தோளைக் கொடுத்து இன்னும் பலமாகத் தள்ளினேன். உள்ளேயிருந்து, "தள்ளாதீங்க, வலிக்குது" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மயக்கம் வந்து பெஞ்சிலிருந்து சரிந்தவள் கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள், பாதம் நீராவி வரும் வாய்க்கு நேராக இருந்தது. கீலின் திருகுகளும் உள்பக்கம், கதவைக் கழற்றவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சுத்தியல் கொண்டுவந்து, கதவை ஒட்டியிருந்த அசையாத கண்ணாடியை உடைத்து உள்ளே போய் அவளைத் தூக்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன் கண்ணு. பாய்லர் அறையில் எத்தனை ஆபத்தில் ஓடி வேலை செய்தவன், அன்று நின்றுகொண்டிருந்தேன்.

நீ போனில் என்னப்பா ஆச்சு என்று கேட்டபோது, மகளுக்கு முன்னால் முட்டாளாக நிற்க மனம் வராமல் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டேன். வராந்தாக் கதவை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. இரண்டு மாதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் நீ அழுதுவிட்டு வைத்த பிறகு, "நான் உங்களக் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனா பெத்த பொண்ண இப்படி அழ விடுறது நல்லால்ல. நீங்களே சொல்லிடுங்க" என்றாள். மறுநாள் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னேன். அவர் ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கீலைத் திருகிக்கொண்டே, அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். என் பாரத்தில் ஒரு பங்கை அந்த மனிதரும் தூக்கிக்கொண்டு போகிறார், அதைத் தடுக்கவும் எனக்குத் தெரியவில்லை.

இது கிடைத்ததும் கடைக்கு எழுதிய புகாரைத் திரும்ப வாங்கிவிடு, அங்கே யாருக்காவது வேலை போய்விடப் போகிறது. தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் நானே இதைச் சொன்னதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்திருக்க வேண்டும், அதைத் தவிர வேறொன்றும் நான் வேண்டுவதில்லை. முதலில் அம்மாவோடு பேசு, மத்தியானம் சாப்பிட்டதும் அவள் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். என்னிடம் கொடுக்கச் சொல்ல உனக்கு மனம் வர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா