நான்கு நொடி நைனா

அண்ணா,

ஒரு வாரமாக என் கடையில் கற்பூரமும் விபூதியும் மணக்கின்றன. நேற்றுச் சிட்டா நகல் எடுக்க வந்த ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னா பாய், கடைக்குள்ள கோயில் வாசனை அடிக்குது?" என்று கேட்டார். பக்கத்துக் கடையில் பூஜை என்று புளுகி அனுப்பிவிட்டேன். வாசனை வருவது கணினி மேசைக்கு அடியில் செய்தித்தாள் சுற்றி வைத்திருக்கும் கண்ணாடிப் படத்திலிருந்து. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது வருஷம் மாலையோடு தொங்கியதே, அதே படம்தான்.

அது எப்படி என் கடைக்கு வந்தது என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. நான் ஒரு கோழை. போன தையில் உங்களைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த பிறகும் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். வேர்க்கடலைக்குப் பயிர்க் காப்பீடு எழுதத் திருப்புலிவனத்திலிருந்து மொபெட்டில் வந்தீர்கள். உத்திரமேரூர் பஜாரில் அப்போது என்னுடையதுதான் பெரிய பிரவுசிங் சென்டர், அதாவது நான்கு கணினி. ஓய்ந்த நேரத்தில் நான் ஏதோ ஒரு பழைய யுத்தச் செய்திப்படத்தை ஓட விட்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் ஒரு விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. நீங்கள் விண்ணப்பத்தை மறந்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"இதுல கூலி ஆளுங்களக் காட்டுவாங்களா பாய்?"

"எப்பனா காட்டுவாங்க. இன்னாத்துக்குண்ணா?"

"எங்க நைனா இதுக்குத்தான் போனாரு."

அன்றைக்குத்தான் முழுக் கதையும் சொன்னீர்கள். யுத்த காலத்தில் அஸ்ஸாம் பக்கம் விமானத் தளத்தில் மூட்டை ஏற்ற ஆள் எடுத்தார்கள். உங்கள் நைனா செங்கல்பட்டில் ரயில் ஏறினார். அப்போது நீங்கள் அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். போனவர் போனவர்தான். கடிதமும் இல்லை, செத்தார் என்ற தந்தியும் இல்லை. அம்மா கடைசி வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. அம்மா இறந்தபோது பொட்டும் பூவும் வைத்து அனுப்பலாமா கூடாதா என்று பங்காளிகள் பிணத்தை வைத்துக்கொண்டு மதியம் வரை சண்டை போட்டார்களாம். வைத்துத்தான் எடுப்பேன் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்களாம்.

வீட்டில் நைனாவின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அம்மா சொல்லிவிட்டுப் போன ஒரே அடையாளம் அவருடைய கை. அவர் இடது கைப் பழக்கக்காரர். வண்டியோ ஏணியோ பரணோ, எதில் ஏறினாலும் முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதுவும் இடது கையால். "பீச்சாங்கையால கும்புடாதய்யா, சாமி கோச்சிக்கும்னு அம்மா திட்டிக்கினே இருக்குமாம். சிரிச்சிட்டுப் பூடுவாராம்" என்று சொல்லிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

அதன் பிறகு புதன்கிழமை தவறாமல் வந்தீர்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, கேனைக் கடை வாசலில் வைத்துவிட்டு, மூன்றாம் நம்பர் கணினிக்கு முன்னால் உட்காருவீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது; நான் தேடிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக் காப்பகங்கள் பழைய செய்திப்படங்களை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. விமானம் வருகிற படம் எதையும் நாம் விட்டதில்லை. இறக்கையைப் பார்த்தே பெயர் சொல்லும் அளவுக்கு நீங்கள் தேறிவிட்டீர்கள். "கத்திரிக்காய்க்கு அடிக்கிற மருந்து பேரு மறந்துடும், டகோட்டான்னா மட்டும் மறக்காது உங்களுக்கு" என்று நான் சீண்டுவேன். உங்களுக்கு விமானம் முக்கியமில்லை. விமானம் கிளம்பிப் போன பிறகு ஓரத்தில் நிற்கிற ஆட்களைத்தான் பார்ப்பீர்கள். அந்த இடம் வந்ததும் "நிறுத்து பாய், நிறுத்து" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவீர்கள்.

ஒருநாள் கேட்டேன், இத்தனை வருஷம் கழித்து அவர் கிடைத்து என்ன ஆகப்போகிறது என்று. "நைனா இருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ஒரு அமாவாசைக்கு ஒரு புடி சோறு வெச்சதில்ல பாய். மூஞ்சே தெரியாத ஆளுக்கு எப்டிப் படைக்கிறது?" என்றீர்கள். அடுத்த படத்தைத் தேடிக் கொடுத்தேன்.

அப்படியே நான்கு வருஷம் ஓடியது. பிறகுதான் அந்தப் புதன்கிழமை.

படத்தில் ஒருவர் விமானத்துக்குப் பெட்ரோல் டின் சுமந்து போகிறார். தலைப்பாகை, முக்கால் முதுகு, ஒரு பக்கக் காதும் கன்னமும் மட்டும் தெரிகின்றன. டின் இடது கையில். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்கள். "பாய், பீச்சாங்கை! பாய், நைனா!" வேட்டி முனையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஐந்து ஏக்கர் பயிரிடுகிற பெரிய மனுஷர் என் கடையில் விம்மி விம்மி அழுதீர்கள்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது. மூன்றாவது வரியில் எடுத்த இடம் எழுதியிருந்தது: எகிப்து. அஸ்ஸாம் அல்ல, பர்மாவும் அல்ல. நான் அதைப் படித்தேன் அண்ணா. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழ இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டீர்கள்.

"யுத்த காலத்துல எடுத்ததுன்னு போட்டுக்கீதுண்ணா" என்றேன்.

அது பொய்யில்லைதான். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் இரக்கம். மீதி சலிப்பு. நான்கு வருஷப் புதன்கிழமைகள் இதோடு முடிந்தால் போதும் என்று உள்ளே ஒருவன் நினைத்தான். அவனும் நான்தான்.

அந்தக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மாட்டினீர்கள். நெற்றி தெரியாததால் தலைப்பாகை விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். அடுத்த அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டு, எனக்கும் ஒரு டப்பாவில் வடையும் பாயசமும் கொண்டுவந்தீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் அந்த வடையைத் தின்றேன். புதன்கிழமைகளில் நீங்கள் வருவது நின்றுபோனது. கண்டுபிடித்த பிறகு எதற்குத் தேட வேண்டும்?

போன மாதம் உங்கள் மகள் செல்வி கடைக்கு வந்தாள். உங்களுடைய தலைத்திவசம் நெருங்குகிறது, உங்கள் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றாள். "அப்டியே தாத்தா படமும் மங்கிப் போச்சி மாமா. புச்சா ஒண்ணு போட்டுக் குடுங்க. ரெண்டும் ஒரே சைஸா பக்கத்துல பக்கத்துல மாட்டிடுறேன்."

 சரி என்று தலையாட்டிவிட்டேன். தெளிவான பிரதி கிடைக்குமா என்று அந்தக் காப்பகப் பக்கத்தை மறுபடி திறந்தேன். ஒன்பது வருஷத்தில் அது எங்கேயோ வளர்ந்து போயிருந்தது. செய்திப்படத்துக்காக எடுத்து, வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக்கூட இப்போது ஏற்றியிருந்தார்கள். ஒலி இல்லாத துண்டுகள். நம் இருவர் கண்ணிலும் ஒருநாளும் படாதவை. ஒன்றின் தலைப்பில் அஸ்ஸாம் என்றிருந்தது.

கதவு திறந்த டகோட்டா ஒன்று. கதவில் சாய்த்த மர ஏணி. மூட்டையோடு வரிசையில் ஆட்கள் ஏறுகிறார்கள். நான்கு பேர் ஏறிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் ஏணிக்கு முன்னால் நின்றார். மூட்டையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்றவர் இடித்திருப்பார் போல. திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். நான்கு நொடி.

அண்ணா, அது உங்கள் காது. தலையை விட்டு விலகி நிற்கிற உங்கள் காது. உங்கள் மேல்வரிசைப் பல் சந்து. நீங்கள் என்னைச் சீண்டிவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு. என்னை அறியாமல் மூன்றாம் நம்பர் கணினிப் பக்கம் திரும்பி, "நிறுத்துண்ணா, நிறுத்து" என்று சொல்லிவிட்டேன். அங்கே இப்போது ஆதார் பிரிண்ட் எடுக்கிற இயந்திரம்தான் இருக்கிறது.

பிறகு கீழே பார்த்தேன். அந்தத் துண்டை ஏற்றிய தேதி போட்டிருந்தது. நீங்கள் இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு. நீங்கள் திண்ணென்று நடமாடிக்கொண்டிருந்த நாட்கள். வாரச் சந்தைக்கு வந்து, என் கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டுப் போனீர்கள். உங்கள் நைனா உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் வெளியே நின்றீர்கள். தேடுவதை நிறுத்த வைத்தவன் நான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசியில் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு திருப்புலிவனம் போனேன். செல்வி களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை அந்த நான்கு நொடியைப் பார்த்தாள். மூன்றாம் தடவை திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா மாமா?"

"தெரியாதும்மா."

"அந்தப் படம் தாத்தா இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"மொத நாளே."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றிவிட்டு, அந்தப் படத்தை இறக்கினாள். முந்தானையால் கண்ணாடித் தூசியைத் துடைத்தாள். பொட்டை மட்டும் துடைக்கவில்லை.

"இவரு யாரு?"

"தெரியலம்மா. எந்த ஊருன்னுகூடத் தெரியல."

"நீங்களே எடுத்துக்கினு போங்க. எங்கியாவது தூக்கிப் போட்றாதீங்க மாமா. ஒம்போது வருஷம் எங்க வூட்டு சோறு துன்னவரு." செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "தாத்தாவ, அந்த சிரிக்கிறத, பிரிண்ட் போட்டுக் குடுத்து அனுப்புங்க" என்றாள். திவசத்துக்கு வந்துடுங்க என்று சொல்லவில்லை. நானும் அவள் சொல்வாள் என்று வாசலில் கொஞ்சம் நின்றுதான் பார்த்தேன்.

நேற்று உங்கள் திவசம். பிரிண்டை வேறொருவரிடம் கொடுத்தனுப்பினேன். நீங்களும் உங்கள் நைனாவும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறீர்கள் என்று அவர் வந்து சொன்னார். இரண்டு பேருக்கும் இலை போட்டார்களாம். எனக்கு டப்பா வரவில்லை. வரக்கூடாதுதான்.

எகிப்தில் டின் சுமந்தவரின் பெயர் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று அந்தக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். விமானத்தின் வகை, தளத்தின் பெயர், படம் எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன, சுமந்தவர்களின் பெயர் குறித்து வைக்கவில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அதனால் இப்போது நான் தேடுகிறேன். ஓய்ந்த நேரத்தில், எகிப்து என்று போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக. விமானம் போன பிறகு ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கிறேன். இவரையும் எங்கேயோ ஒரு வீட்டில் யாராவது தேடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

இன்று செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தேன். விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. எங்கள் வழக்கத்தில் படத்துக்குப் படைப்பது கிடையாது; எப்படிச் செய்வது என்றும் எனக்குத் தெரியாது. மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறார். ஆனாலும் அமாவாசை தவறாமல் சாப்பிட்டவர், என்னால் பட்டினியாக நிற்கிறார் என்று தோன்றியது. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் கை வாய்க்குப் போகவில்லை.