பதினோரு பேர், ஒரே தேதி

பிப்ரவரி 8

நேற்றைய விருந்தை எழுதாமல் விட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது. என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். புதைத்த ஜாடியிலிருந்து நானே மொண்டுவந்த மது ஆறு வாளி. நதேலாவைக் கேட்டால் இரண்டு என்பாள். என் மனைவிக்கு எப்போதும் சின்ன எண்தான் பிடிக்கும்.

தங்கை மகள் லிலே தலைநகர் த்பிலிசியிலிருந்து வந்திருக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. எண்பத்து நாலாம் வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை எந்தத் தேதியில் தொடங்கியது? கிழடுகளின் ஞாபகம் ஒரு பக்கம், பழம் எப்போது பழுத்திருக்கும் என்று காட்டும் பழைய வானிலை நிலையத்தின் வெப்பக் கணக்கு மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, அது வெளிநாட்டுப் பத்திரிகையில் வரவேண்டும். வராவிட்டால் பட்டம் கிடையாது. பழையபடி மருந்துக்கடையில் இருமல் மருந்து விற்கவேண்டியதுதான்.

"வீடு வீடா எதுக்கும்மா அலையுற? எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடுறேன்" என்றேன். மேசைக்குத் தமாதா யார்? முதலில் எழுந்து வாழ்த்துச் சொல்லும் தலைவன் இந்த ஊரில் என்னைவிட்டால் வேறு யார்? எழுந்தேன். "அந்த எண்பத்து நாலு! அக்டோபர் இருபதுக்கு முன்னால ஒரு கத்தரி, ஒரே ஒரு கத்தரி, நம்ம கொடியைத் தொட்டிருக்குமா?"

பக்கத்து வீட்டு எல்குஜா எழுந்தான். "தொட்டிருக்காது! தொட்டிருந்தா அந்தக் கை விளங்கியிருக்காது!" அடுத்தவன், "இருபதேதான், எங்கப்பா மேல ஆணை!" என்றான். இப்படியே கோப்பை மேசையைச் சுற்றி வந்தது. பதினோரு பேர், ஒரே தேதி! லிலே எழுதிக்கொண்டே இருந்தாள். அறிவியல் இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

பிப்ரவரி 11

லிலே சாப்பிடவில்லை. வெப்பக் கணக்கு அக்டோபர் இரண்டாம் தேதியைக் காட்டுகிறதாம். "ஒத்துப்போகலையே மாமா!"

"ஒத்துப்போக வைக்கிறது ஆங்கிலத்தோட வேலை கண்ணு. என்கிட்ட விடு" என்றேன். நான்கு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். கேப்டன் என்னைக் கேட்காமல் சுக்கானைத் திருப்பியதில்லை.

அவள் விளக்கினாள். 'கன்சிஸ்டென்ட் வித்' என்றால் இரண்டு முடிவும் மோதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 'இன் அக்ரிமென்ட் வித்' என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை. 'கன்ஃபர்ம்ஸ்' என்றால் ஒன்று மற்றதற்கு அடித்துச் சத்தியம் செய்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சந்தையில் போய்ச் சின்னத் தர்பூசணியா கேட்போம்? கன்ஃபர்ம்ஸ் போடு! முன்னால் 'ஸ்பிளெண்டிட்லி' என்றும் சேர்த்தேன். பாவம், களைத்துப்போயிருந்தாள். ஸ்பிளெண்டிட்லியை மட்டும் அடித்துவிட்டு அப்படியே தன் பேராசிரியைக்கு அனுப்பினாள்.

பிப்ரவரி 12

கட்டுரை போன சந்தோஷத்தில் ஆடினேன். முழங்கால் போயிற்று.

பிப்ரவரி 17

பேராசிரியை தொலைபேசியில். லிலே சத்தமாக வைத்தாள், எல்லோரும் கேட்டோம்.

"ரெண்டரை வாரம் தள்ளி நிக்குது. இதுக்குப் பேர் கன்ஃபர்ம்ஸா, லிலே? அது கிடக்கட்டும். பதினோரு பேரும் ஒரே தேதி சொல்றாங்களே, தனித்தனியாத்தானே கேட்ட?"

"மேசையில கேட்டேன்."

"தமாதா யாரு?"

"...மாமா."

பேராசிரியை சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பூனை எழுந்து ஓடியது. "உன்கிட்ட பதினோரு பதில் இல்லம்மா. ஒரே பதில்தான், பத்து தடவை குடிச்சிருக்கு!" பிறகு குரல் மாறிவிட்டது. மார்ச் முடிவதற்குள் ஒழுங்கான கட்டுரை போகாவிட்டால் லிலேயின் இடம் இன்னொருவருக்காம்.

நான் என்ன செஞ்சேன்? சோறு போட்டேன். மது ஊத்தினேன். தப்பா?

நதேலா வேறு: "தமாதாவை யாராச்சும் மறுப்பாங்களா? நீங்க நிலா பச்சைன்னாலும், ஆமா பச்சை, இலைகூட விட்டிருக்குன்னு சொல்லிக் குடிப்பானுங்க."

லிலே ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 21

வீடு வீடாகப் போகிறோம். கையில் மது இல்லாமல்! சிங்கத்தின் குகைக்கு மாமிசம் இல்லாமல் போவது போல. லிலேயின் உத்தரவு: நான் வாசல் கதவுக்கு வெளியேதான் நிற்கவேண்டும், இருமக்கூடக் கூடாது.

ஆனால் என் காது கழுகின் கண். எல்குஜா சொல்கிறான்: "செப்டம்பர் கடைசிம்மா. என் பொண்டாட்டி கூடையைக் கீழ போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, மூத்தவ பொறந்தா. எப்படி மறக்கும்?"

உள்ளே பாய்ந்தேன். "அப்ப எதுக்குடா அன்னிக்கு இருபதுன்னு கத்தின?"

"உன் மேசைடா அது! உன் மதுவைக் குடிச்சுக்கிட்டே உன்னைப் பொய்யன்னு சொல்ல நான் என்ன மிருகமா?"

என்ன மனுஷன்! கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். லிலே என்னைத் தெருவுக்குத் தள்ளினாள்.

பிப்ரவரி 24

லிலே வரைபடம் போட்டாள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஒன்று, நாலு, ஐந்து என்று ஆளுக்கொரு தேதி. ஆனால் எல்லாப் புள்ளியும் வெப்பக் கணக்கின் கோட்டைச் சுற்றி, கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் மாதிரி. லிலே குதித்தாள். ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கோ வெளியே.

"மாமா, உங்க தேதியை மாத்திக்கிறீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்! இந்தக் கையால நான்தான் முதல் குலையை வெட்டினேன்."

நதேலா வால்நட் உடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க கப்பல்லேருந்து வந்து இறங்கினதே இருபதாம் தேதி. அதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி மிதிச்சு ஜாடியை மூடியாச்சு. வந்து பாத்தா முகம் வாடிடுமேன்னு கடைசி வரிசையை மட்டும் விட்டுவெச்சோம். ஊரே கூடையோட வந்து நின்னு, இன்னிக்குத்தான் ஆரம்பம்னு சொல்லிச்சு."

"நாப்பது வருஷமா சொல்லலையே!"

"அவ்வளவு சந்தோஷமா வெட்டுனீங்க."

தோட்டத்துக்குப் போய் நின்றேன். அந்தக் கடைசி வரிசை. குளிரில் மூக்கு ஒழுகியது, குளிரில்தான். ஒரு முழு ஊர் ஒரே ஒருவனுக்காகக் கூடிப் பொய் சொல்லியிருக்கிறது. எந்த ராஜாவுக்கு இது நடந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்!

மார்ச் 2

சண்டை. லிலே 'பிராட்லி கன்சிஸ்டென்ட் வித்' என்று எழுதுகிறாள். பெரும்பாலும் ஒத்துப்போகிறது, அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் ஊற்றிய மதுவா இது என்றேன்.

"மாமா, கன்ஃபர்ம்ஸ் போட்டா யாராவது ஊதினாலே விழுந்துடும். நாள் முன்னப்பின்ன இருக்கு, ஞாபகம்தானே. இது தாங்கும்."

சரி, தாங்கட்டும். அடுத்த வாக்கியம் இன்னும் கேளுங்கள். 'வித் ஒன் எக்செப்ஷன்.' ஒருவரைத் தவிர! அந்த ஒருவர் அடியேன். கடலிலிருந்து தாமதமாகத் திரும்பியவர் என்று காரணமும் போட்டிருக்கிறாள். கடல் என்று எழுதியதும் எனக்கு அலை அடித்தது.

ஜூன் 11

ஏற்றுக்கொண்டார்கள்!! பட்டம் உறுதி. த்பிலிசி ஆய்வகத்தில் வேலையும். தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடினேன். நாய்களும் கூட ஓடிவந்தன.

பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு வாக்கியம். எனக்கு மட்டும் தனி வாக்கியம். எல்குஜா வயிறு எரிகிறான்: "நானும் இருபதுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

செப்டம்பர் 19

வெயில் கொளுத்தியதால் இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கி, இன்று முடித்துவிட்டோம். மிதித்தாயிற்று. ஜாடியும் மூடியாயிற்று. லிலேவுக்கு ஆய்வகத்தில் வேலை நெரிக்கிறதாம், இருபத்தாறாம் தேதிதான் வரமுடியும். "ஆரம்பிச்சிட்டீங்களா மாமா?" என்று தொலைபேசியில் கேட்டாள், குரல் சுருங்கிப்போய்.

"பழம் இன்னும் புளிக்குதும்மா. நீ வந்துதான் முதல் குலை" என்றேன்.

கடைசி வரிசையில் யாரும் கை வைக்கவில்லை. எல்குஜாவிடம் சொன்னேன், அவன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். இனி அவள் தனித்தனியாகவே கேட்கட்டும்.