கதவுகளாய் எடுத்துத் தள்ளினாயே, குமரா

என் கண்ணே குமரா,

லிஸ்பன் ஆஸ்பத்திரியில் நீ காய்ச்சலில் போய், அங்கேயே உன்னை எரித்து, வருஷம் ஒன்று ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை தலைத்திவசம். மாலை போட உன் படம் ஒன்று வேண்டும். உன் கப்பல் கூட்டாளி, நீ பர்மாக்காரர்போல 'கோ' போட்டு அழைப்பாயே, அந்த மணி நேற்றுதான் ரங்கூனுக்கு வந்து உன் ஃபோனைக் கொடுத்தார். பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தேன்.

கதவு. கதவுக் கைப்பிடி. ஆண்ட்வெர்ப்பில் ஒரு பால்கனிக் கம்பி, ஹாம்பர்க்கில் ஒரு மாடிப்படி, ஏதோ ஊரில் ஜன்னலுக்கு மேல் வாயைப் பிளந்த கல் சிங்கம். தெருத்தெருவாய் அலைந்திருக்கிறாய். ஏண்டா, ஒரு கண்ணாடியில்கூட நீ விழவில்லையா? பாதித் தோளாவது?

வீட்டில் மட்டும் என்ன இருக்கிறது? அம்மா போனபின் நாம் மூன்று பேர். மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் ஆகாது என்று எப்போதும் நீதான் விலகி நின்று எடுத்தாய். பாஸ்போர்ட், கார்டு எதுவும் திரும்பி வரவில்லை. மீசை முளைத்த பிறகு உன் படம் ஒன்றே ஒன்று என்னிடம் வந்தது, முதல் பயணத்தில் நீ அனுப்பியது. நான் என்ன பதில் போட்டேன்? "ஒம் மூஞ்சியத்தான் இங்கயே பாத்தாச்சே, ஊரக் காட்டுடா." ஃபோனில் இடமில்லை என்று அதை அழித்தும் விட்டேன். பாவி நான்.

நீங்களாவது எடுக்கவில்லையா என்று கோ மணியை உலுக்கிக் கேட்டேன்.

"எடுக்கிறேன்னா விடமாட்டான்க்கா. எங்கக்கா கட்டடம்தான் கேப்பாங்கன்னு சிரிப்பான்."

அப்பா ஒரு பச்சைக் கதவை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு எதிர்க்கத்தானம்மா நின்னுருக்கான். இதயே பெரிசு பண்ணி மாட்டிருவம்."

"கதவுக்கா மாலை போடுறது? புத்தி இருக்காப்பா?" என்று கத்திவிட்டேன். அவரை நான் அப்படிப் பேசியதே இல்லை.

"கண்ண மூடுனா அவன் மூக்கு வருதும்மா. வாய் வரமாட்டேங்குது," என்றார்.

குமரா, எனக்கு மூக்கும் வரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பச்சைக் கதவைப் பெரிசு பண்ண பபேடான் பேட்டை ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதற்குத்தான் மாலை. சந்தனத்தை எங்கே வைப்பேன், சொல்.

ஷ்வேப்யிதாவில் உன்னோடு வேலை பார்த்தவர் இன்னொருவர் இருக்கிறாராம். திங்கட்கிழமை போகிறேன். அவரிடம் இல்லாவிட்டால் அடுத்தவரிடம் போவேன். உன் முகம் கிடைக்கும்வரை ஓயமாட்டேன், இது சத்தியம். கிடைக்கிறபோது அது நீதான் என்று எனக்குத் தெரிய வேண்டுமே, சாமி.

உன் கூடப்பிறந்தவள்,
வள்ளி அக்கா