ராணி செய்த மாமி முறை

மெரிலேண்ட்ஸ்,
22.07.2012

அன்புள்ள மருமகள் சுலக்சனாவுக்கு,

உன் மாமி எழுதுவது. நான் இங்கே மகள் கிரிஜா வீட்டில் சுகம். நீயும் மகன் ஜெயதீபனும் டார்னெய்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்று கோயிலுக்கு வந்த மெல்பேர்ன் ஆட்கள் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. இரண்டு வருடமாக நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. நாங்கள் எல்லோரும் ஹோம்புஷ் பிளாட்டில் ஒன்றாக இருந்த காலத்தில், கடைக்கு நான் எழுதித் தந்த துண்டைக் குசினி வாசலில் நின்று உன் தங்கச்சிக்குப் போனில் வாசித்து வாசித்துச் சிரித்தாய். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாய். எனக்குக் காதும் கேட்கும், ஞாபகமும் இருக்கும்.

நான் ஏன் உங்கள் டார்னெய்ட் வீட்டை விட்டு வந்தேன் என்று ஊரில் பல கதை உலாவுகிறது. நான் வந்தது அம்மியால். கப்பலில் வந்த என் அம்மியை நீ பின்வளவில் ரோசாச் சட்டிக்கு அடியில் முண்டு கொடுத்து வைத்தாய். கேட்டதற்கு, "பிளென்டர் இருக்குத்தானே மாமி" என்றாய். ஜெயதீபனின் ஐம்பதாவது பிறந்தநாள் படத்தில் என் முகத்தில் பாதியை வெட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டதையும் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கிரிஜாவிடமும் கோயிலில் ஐந்தாறு பேரிடமும்தான் சொன்னேன்.

சண்டைக்காக இதை எழுதவில்லை. ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. அதற்கு நீ வேண்டும். போயும் போயும் நீதான் வேண்டும் என்பது என் தலைவிதி.

கிரிஜாவின் ஒரே பிள்ளை இப்போது பெண்பிள்ளை. பெயர் துவாரகா. ஜெயதீபன் தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பான். நான் என் பாணியில் சொல்கிறேன். பழைய பெயரை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், அது போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பிள்ளை யூனிவர்சிட்டியால் வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "அம்மம்மா, நான் பெடியன் இல்லை. சின்னனிலயிருந்தே இல்லை" என்று சொன்னது. நான் கையிலிருந்த பாதித் தேங்காயை முடித்தேன். பிறகு, "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். பிள்ளை அழுதது, சிரித்தது, இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டது.

கிரிஜா ஒரு கிழமை அழுதாள். மருமகன் சச்சிதானந்தன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து பிள்ளையின் அறைச் சுவரில் பூட்டினார். அந்த மனிதன் பேசாமல் இருப்பதே நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன்.

எனக்குத்தான் வாய் பழகக் கஷ்டமாக இருந்தது. வாய் தவறி "அவன்" என்று வந்தால் அந்த நேரத் தேத்தண்ணியில் சீனி கிடையாது என்று துவாரகா சட்டம் போட்டாள். முதல் மாதம் முழுவதும் வெறுந்தேத்தண்ணிதான் குடித்தேன். டொக்டர் என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "அன்ரி, சுகர் நல்லாக் குறைஞ்சிருக்கு, என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். பேத்தி கிடைத்தாள் என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், யாருக்கும் சொல்லாதே. அவள் பெண் என்பது எனக்குச் செமித்துவிட்டது. முட்டை தின்னமாட்டேன், பால் குடிக்கமாட்டேன் என்கிறாளே, அதுதான் இன்னும் செமிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துவாரகா யூனியில் சரித்திரம் படிக்கிறாள். கட்டுரை எழுதுவதற்காக ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் போடும் கறுப்புச் சட்டை, தொப்பியில் இறகு, நெஞ்சில் பதக்கம், நாடியில் சவரம் செய்த நிழல். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சுலக்சனாவின்ர பெரியம்மா எல்லோ?" என்று கேட்டேன். கோபிக்காதே, உன் பெரியம்மா அப்படித்தான் இருப்பா.

அது பிரான்ஸ் நாட்டுச் செவாலியே டெயோனாம். நம்முடைய சிவாஜி கணேசனுக்குக் கொடுத்த செவாலியேயா என்று கேட்டேன். "பேர்தான் ஒண்டு அம்மம்மா, பட்டம் வேற" என்றாள். இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை. பட்டாளத்தில் குதிரையேறிச் சண்டை பிடித்து, அரசனுக்கு ஒற்றனாக லண்டனில் இருந்து, நாற்பத்தொன்பது வயதுவரை ஆணாக வாழ்ந்த ஆள். அதற்குப் பிறகு சாகும்வரை முப்பத்துச் சொச்ச வருடம் பெண்ணாக வாழ்ந்த ஆள். கிழவியான பிறகும் கறுப்புச் சட்டையோடு வாள் சண்டைக்கு இறங்கி, பேர்போன வாள்காரனை எல்லோருக்கும் முன்னால் வென்ற மனுசி.

எனக்கு வாள் பெரிதாகப் படவில்லை. மனுசியின் கோபம்தான் பிடித்தது. தனக்கு மேலே வந்த தூதுவர் தன்னை மதிக்கவில்லை என்று, அரசாங்கத்தின் கடிதங்களையே புத்தகமாக அச்சடித்து லண்டனில் விற்றுவிட்டாவாம். அப்படிப்பட்ட ஆளோடு ஒரு நாள் முழுக்க இருந்து கதைக்கலாம்.

லண்டன்காரர்கள் வேலை இல்லாமல், இது ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்களாம். செத்த பிறகும் விடவில்லை. டொக்டரைக் கூட்டி வந்து உடம்பைப் பார்த்து, ஆம்பிளை என்று எழுதி வாங்கினார்களாம். எண்பது வயதுக் கிழவி தன் வாயால் சொன்னது போதாதாம். வெட்கம் கெட்டவர்கள்.

ஆனால் சுலக்சனா, கதையில் ஒரு இடம் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இனிப் பெண் உடுப்புத்தான் போடவேண்டும் என்று அரசன் கட்டளை போட்டானாம். பட்டாள உடுப்பை விட மனமில்லாமல் டெயோன் முரண்டு பிடித்தாவாம். அப்போது அந்த நாட்டு ராணி தன்னுடைய சொந்தத் தையல்காரியைப் பிடித்து, அந்த மனுசிக்கு அடியிலிருந்து நுனிவரை புது உடுப்புத் தைப்பித்துக் கொடுத்தாவாம்.

துவாரகா இதைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் மறித்தேன். "பொறு, பொறு. ராணி என்ன செய்தவ? புது உடுப்புக் குடுத்தவ. அது மாமி முறை எல்லோ? பிள்ளை பெரியவளானா மாமிதானே புது உடுப்புக் குடுக்கிறது? நாற்பத்தொன்பது வயசில அந்தப் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்திருக்கு!" துவாரகா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அம்மம்மா, இதை நான் கட்டுரையில எழுதினா பெயில் ஆக்குவினம்" என்றாள். பெயில் ஆக்கட்டும். படித்தவர்களுக்கு முறை தெரியாது.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு செய்யவேண்டும். இந்தச் சிட்னியில் ஹெலிகொப்டரில் இறங்கிய பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலெல்லாம் நான் கை நனைத்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் கூட இல்லையா? அவள் முதலில் மறுத்தாள். பிறகு ஹோல் இல்லை, பல்லக்கு இல்லை, வீடியோ இல்லை, குடிக்கத் தரும் பச்சை முட்டை அறவே இல்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சம்மதித்தாள். அதோடு குடிக்கும் நல்லெண்ணெய் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது வரும்போது வரும்.

நாள் கேட்கக் கோயில் ஐயரிடம் போனேன். அவர் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு, "பிள்ளை எத்தனை மணிக்குப் பெரியவளானவ?" என்று கேட்டார். நான் இதை யோசிக்கவில்லை. பிறகு, "செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணி, நான் தேங்காய் துருவேக்க" என்றேன். "ராகு காலம் எல்லோ அம்மா" என்று முகத்தைச் சுளித்தார். "அவள் சொல்ல வந்த நேரம் அதுதான் ஐயா, ராகுவுக்காகப் பொறுக்கேலுமோ?" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்துத் தந்தார்.

அந்தச் சந்தோசத்தோடுதான் ஜெயதீபனுக்குப் போன் எடுத்தேன். தாய்மாமன் இல்லாமல் தேங்காய் உடைப்பது யார்? அவன், "அம்மா, உங்களுக்கென்ன விசரோ? டொக்டரட்டக் காட்டினவையோ? ஊர் என்ன கதைக்கும்?" என்று கத்தினான். "ஊர் எங்கயடா இருக்கு? டார்னெய்ட் ஷொப்பிங் சென்டருக்குள்ளயோ?" என்று கேட்டேன். "எனக்கு அப்பிடியொரு மருமகள் இல்லை" என்று போனை வைத்துவிட்டான். அவனைப் பெற்ற எனக்கே போனை வைத்தான். இது புதுக் கணக்கு, இதை நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

துவாரகா கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "சுலா மாமி வருவாவோ?" என்று மட்டும் கேட்டாள்.

நான் வளர்த்த பிள்ளை. நான் எண்ணெய் வைத்த தலை. கேட்கிறது உன்னை.

ஏன் என்று எனக்குத் தெரியும். நீ கல்யாணம் முடித்து ஹோம்புஷ் பிளாட்டுக்கு வந்த முதல் வருடம், பிள்ளைக்கு ஆறு வயது. உன் கலியாண வளையல்களை முழங்கைவரை அடுக்கிக்கொண்டு, உன் சிவப்புத் தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு உன் அறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றது. நீ உடுப்புக் கூடையோடு வந்தாய். வாசலில் நின்று பார்த்தாய். சத்தம் போடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அந்த வாசலிலேயே இருந்து உடுப்பு மடித்தாய், வேறு யாரும் உள்ளே போகாதபடி. நான் சாமி அறையிலிருந்து பார்த்தேன். இவள் ஏன் எனக்குச் சொல்லவில்லை, என்னை அந்நியமாக நினைக்கிறாளா என்று பதின்மூன்று வருடமாக உன்மேல் கோபம். அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நீ செய்ததை நம்பித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் உனக்கு நல்ல மாமியாக இருக்கவில்லை என்று நீ சொல்லித் திரிவது என் காதுக்கு வந்தது. சொல்லு. நீ அவளுக்கு எப்படிப்பட்ட மாமி என்று பார்க்கத்தானே போகிறோம். அந்த ராணி சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நீ உரிமைக்காரி.

ஜெயதீபனை வாயால் வெல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அந்த வாயை என்மேல் பாவித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஒருமுறை அவன்மேல் பாவித்துப் பார். அவன் மசியாவிட்டால் விடு, தேங்காயை மருமகன் உடைப்பார். நீ மட்டும் வா. சேலை நீ எடுக்கவேண்டும். பச்சை அவளுக்கு நல்ல எடுப்பு. தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து, முதல் செம்புத் தண்ணீரை நீ வார்க்கவேண்டும். ஆவணியிலும் இங்கே குளிர்தான், சுடுதண்ணீர் கலந்து வைக்கிறேன்.

"நீங்களே தண்ணி வாத்து விடுங்கோவன் அம்மம்மா" என்கிறாள். தாலி இல்லாத கை முதல் தண்ணீர் வார்க்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ வராவிட்டால் நானேதான் வார்ப்பேன். பார்ப்பவர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன். ஆனால் தண்ணீர் விழும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாளே, அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வது, பிள்ளை?

நீ மஞ்சளோடும் குங்குமத்தோடும் நெடுநாள் இருக்கவேண்டும். என் மகனுக்காகக் கேட்கவில்லை, உனக்காகவே முருகனிடம் கேட்கிறேன். அந்தக் கையால் ஒரு செம்பு.

உன் வரவை எதிர்பார்க்கும்
மாமி
தவநாயகி தருமராசா