உன் லுங்கியில் தைத்த டயப்பர்

நைனா,

இன்று காலையில் ஒரு பழைய லுங்கியைக் கிழித்தேன். உன் படகுக் கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கொடுத்துவிட்டுப் போனது. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பருத்தி, தொட்டதுமே கிழிந்து கொடுத்தது. அந்தச் சத்தத்தில் நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய். தையல் மிஷினை மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பக்கவாதத்தில் நீ விழுந்த பிறகு, கடையில் விற்கும் டயப்பர் உன் தொடையைப் புண்ணாக்கியது. வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று துணி வாங்கப் பொன்னேரிக்குக் கிளம்பினேன். கொழந்தைக்குன்னு சொல்லி வாங்கு என்றாய். அப்படியே சொன்னேன். கடைக்காரர் வாத்துப் படம் போட்ட துணியை எடுத்துப் போட்டார். தொட மெத்தென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், உருண்டு ஓடியதே தவிர ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. டவல் துணி நன்றாகக் குடித்தது, ஆனால் தோலை உரசியது. கடைசியில் உன் லுங்கிதான் சரிப்பட்டது. உடம்பில் படுகிற பக்கம் லுங்கி, நடுவில் டவல், வெளியே ஓட்டைக் குடையிலிருந்து பிரித்த துணி.

அதைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "மழை உள்ள பெய்யுது, நீ இன்னாடான்னா கொடைய வெளிய கட்டுற."

இரண்டு பேரும் சிரித்தோம். மாற்றும்போது மட்டும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். நான் உன் முட்டியைத் தாண்டிப் பார்க்கமாட்டேன். மகள் கையால் இதெல்லாமா என்று உனக்கு வெட்கம். நீ வெட்கப்படுவதைப் பார்க்க எனக்கு வெட்கம்.

நம் லைட்ஹவுஸ் குப்பத்தில், கொடியில் காயும் லுங்கியை வைத்தே இன்றைக்கு யார் கடலுக்குப் போகவில்லை என்று சொல்லிவிடுவார்கள். உன் பச்சைக் கட்டம் எல்லாருக்கும் தெரியும். அதை வெட்டித் தைத்து வெளியில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. அடுப்படியிலேயே காயப்போட்டேன். ஈரம் முழுசாகப் போகாமல், புகை நாற்றத்தோடுதான் உனக்குக் கட்டினேன்.

கரைவலை இழுக்கிற நாளில் கடலுக்குப் போக முடியாதவர்களையும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மணலில் உட்காரவைப்பது வழக்கம். உன்னைக் கூப்பிட மாமா வந்து வாசலில் நிற்பார். உனக்கும் போக அவ்வளவு ஆசை. ஆனால் நாலு பேர் நடுவில் நனைந்துவிட்டால்? உள்ளேயிருந்து வேண்டாமென்று கண் காட்டுவாய். தூங்குகிறார் மாமா என்பேன். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். போகப்போக அவர் வருவதும் நின்றது.

"இனிமே அவனுக்கு என்னாண்ட இன்னா வேல" என்றாய். அந்த மனக்குறையோடேயே போய்விட்டாய்.

இன்று லுங்கியை நீட்டியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கப்பனுக்குத் தச்ச மாதிரி எனக்கும் ஒண்ணு தச்சிக் குடும்மா என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசலுக்கு வந்த வாசனையே சொல்லிவிட்டதாம். அவருக்கும் அப்போதே அடக்க முடியாமல் போக ஆரம்பித்துவிட்டதாம்.

"அவன் தூங்குறான்னு நீ சொல்றப்ப நிம்மதியா இருக்கும்மா. உக்காந்தா நனைஞ்சிடுமேன்னு நின்னுக்கினே போயிடுவேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை, நைனா. அந்த வாசலுக்கும் உன் கட்டிலுக்கும் நடுவில் நின்றவள் நான். ஒரே ஒரு நாள் உன் பேச்சைக் கேட்காமல், "உள்ள வா மாமா" என்று சொல்லியிருக்கலாம்.